பதினான்கு நாள் கதவு

ஐந்தாம் பதிவேடு, நாள் 412, காலை 07:10
காந்தள் நிலையம், செவ்வாய். தென்துருவக் குளிர்காலம். வெளியே மைனஸ் 104. உள்ளே ஆறு பேர், அனைவரும் நலம். ஒன்பது ஆண்டுகளாக இங்கே யாருக்கும் சளிக்காய்ச்சல் வந்ததில்லை. எங்கள் உடல்கள் அதை மறந்துவிட்டன. பதினைந்து நாளில் இறங்கவிருக்கும் கலத்தில் மூவருக்கு இன்ஃப்ளூயன்சா. தடுப்பூசி வேலை செய்யப் பதினான்கு நாள் வேண்டும். நாளைக் காலை எல்லோருக்கும் போடுகிறேன். முதல் ஊசி சமையலறை சகாயராணிக்கு. அவளுக்கு ஏழாம் மாதம்.
— மருத்துவர் பூங்கோதை

நாள் 413, காலை 06:25
மருந்து ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. பொறியாளர் ஜெபராஜ் என்னை எழுப்பாமல் தடுப்பூசிப் பெட்டியை வெளிக்கிடங்கில் வைத்திருக்கிறான். இன்டர்காமில் பெருமை வேறு: "கவலைப்படாதீங்க அக்கா. வெளிய இருக்கறதே பெரிய ஃப்ரிட்ஜ்தானே!"
இது குளிரில் இருக்க வேண்டிய மருந்து. உறையக் கூடாத மருந்து. உறைந்தால் செத்தது. பன்னிரண்டு குப்பிகளில் ஏழின் மேல், உறைந்தால் நிறம் மாறும் அடையாளப் பொட்டு சிவந்துவிட்டது. நடுவில் இருந்த ஐந்து மட்டும் பச்சை.
ஐந்து ஊசி. ஆறு பேர்.

நாள் 413, காலை 09:40
தலைமையகம்: "குளிர்ப் பராமரிப்பு தவறிவிட்டது. விதிப்படி பன்னிரண்டையும் அழிக்கவும். மாற்று மருந்து, இப்போது வரும் கலத்துக்கு அடுத்த கலத்தில்."
அது வருவது பத்து மாதம் கழித்து.
உறைந்த ஏழு குப்பிகளை அழித்தேன். ஐந்தை அழிக்கவில்லை. ஆறாகப் பங்கிட்டால் ஆறு பேருக்கும் அரைகுறைக் காப்புதான். நால்வருக்குப் போட்டாயிற்று. ஜெபராஜ் இயந்திர அறையைவிட்டு வரவில்லை.
"தப்பு என்னோடது. எனக்கு வேணாம்க்கா."
"காத்து மெஷினை வேற எவனுக்குடா ஓட்டத் தெரியும்? தண்டனைன்னு நினைச்சுக்கிட்டு வா."
வந்தான். ஐந்து முடிந்தது. நாற்பத்து நான்கு வயதுவரை ஒரு விதியையும் மீறாதவள் நான்.  இன்று மீறினேன்.

நாள் 419, பிற்பகல் 14:05
புயல் நெருங்குவதால் கலம் இன்றே இறங்குகிறது. எட்டு நாள் முன்னதாக.
தலைமையகம்: "நோயாளிகளை உடனே நிலையத்துக்குள் எடுக்கவும்."
மாட்டேன். உள்கதவுக்கு அப்பால் இருக்கும் வெளிக்கூடத்துக்குத் தனிக் காற்றும் சூடும் கொடுத்து அங்கேயே படுக்க வைக்கிறேன். ஐவரின் ஊசி இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. வைத்தியம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனவே நான் போகிறேன். உள்கதவின் பூட்டு ஜெபராஜிடம். என் உத்தரவு: நாள் 427 வரை திறக்காதே. யார் கேட்டாலும். நான் கேட்டாலும்.

நாள் 422, காலை 11:30
நோயாளிகளில் இருவர் தேறுகிறார்கள். மூன்றாமவர் கஞ்சி குடித்தார். காய்ச்சல் 39.4. இது எனக்கு.
சகாயராணி, இன்டர்காமில்: "டாக்டரக்கா, மிளகு ரசம் வச்சிருக்கேன். வாசம் வருதா?"
காற்றே புகாத கதவு. வருகிறது என்றேன்.

நாள் 424, நேரம் தெரியவில்லை
மூச்சு போதவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நல்ல காற்று இருக்கிறது. வெளிச்சம் இருக்கிறது. இன்டர்காம் தானாகப் பதிந்தது கீழே:
"கதவைத் திற. உத்தரவு போடறது நான்தான்."
"திறக்க மாட்டேன்க்கா."
"டேய், செத்துருவேன்டா."
"நீங்க சொன்னதைத்தானே செய்யறேன்... அக்கா, ப்ளீஸ், கேக்காதீங்க."

நாள் 426
ரத்தத்தில் ஆக்சிஜன் 81. எழுத்து கோணுகிறது. முந்தாநாள் நான் கேட்டதைப் படித்தேன். வெட்கமில்லை. அவன் திறக்கவில்லை. சபாஷ்.
உள்ளே ஐவருக்கும் காய்ச்சல் இல்லை. குழந்தை உதைக்கிறதாம்.
தலைமையகம்: "ஐந்து குப்பிகளை அழித்ததற்கான உறுதிமொழி இன்னும் வரவில்லை."
எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தும் ஐந்து கைகளுக்குள் இருக்கின்றன. முடிந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள். என் கைதான்
ஜெபா திறக்காதே
இன்னும் ஒரு நா