ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

என்னங்க,

தூங்கி எழுந்ததும் என்னைக் காணோம் என்று பதறாதீர்கள். நான் எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆபரேஷனில் டாக்டர் மாற்றி வைத்தது நடக்கிற முட்டிதான், ஓடுகிற முட்டி இல்லை. தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போய்விட்டு வருகிறேன். பீரோ மேல் நீங்கள் ஒளித்து வைத்த கைத்தடியைத் துடைப்பக்கட்டையால் தள்ளி எடுத்துவிட்டேன்.

ஆறு வாரமாக இந்த நாலு சுவரையே பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது. "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீ கேட்டைக்கூடத் தாண்ட மாட்டே"ன்னு காலையில் சொன்னீர்களே, அது காதிலேயே நிற்கிறது. கணக்கு வாத்தியாரான உங்களுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நான் கத்தியதும் தப்புதான். ஆனால் பத்து எண்ணும் வரை பயிற்சிக்காக மடக்கிய காலை நான் பல்லைக் கடித்துப் பிடித்திருக்கும்போது, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் "ஏழரை" என்று இழுக்கிறீர்களே, யாருக்குத்தான் கோபம் வராது? இன்றைக்கு நானே எண்ணிக்கொள்கிறேன்.

காபி பிளாஸ்கில் இருக்கிறது. ஐஸ் பையை ஃப்ரீசரில் வையுங்கள். ஐந்து மணிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் வருவாள், என்னைப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

பி.கு.: கேட்டைத் தாண்டி ஏழு அடி வைத்தேன். திரும்பி வந்துவிட்டேன். வலியெல்லாம் இல்லை. ஏழுக்கு அப்புறம் கால் எழும்பவில்லை, உங்கள் ஏழரைக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

வாசல் நாற்காலியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரம் எழுந்து வாருங்கள், எண்ண ஆள் வேண்டும்.

ஆனால் கேட்டைத் தாண்டியது தாண்டியதுதான். அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.