முதலில் ஓடி வந்தவள்

ஜூலை 4, சனி

ஆனியிலேயே ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டு மாமரத்தில். கணக்குப் பரீட்சைத் தாள் நாற்பத்திரண்டு இன்னும் திருத்தவில்லை. புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், பால்காரர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

மாலை ஐந்துக்கு ஒத்திகை. ‘கரைமேல் ஐந்து நாள்’. வெள்ளத்தைப் பற்றிய இசை நாடகம். பதினோரு பாட்டு, அதில் ஒன்றுகூட எனக்கில்லை. மொத்தமே ஒரு வசனம்தான். இரண்டாம் காட்சியில் மூச்சிரைக்க ஓடி வந்து, “கரை உடைஞ்சிருச்சுங்க!” என்று கத்திவிட்டு ஓரமாகப் போய்விட வேண்டும். பெயர்கூட கிடையாது. பிரதியில் ‘ஓடி வரும் பெண்’ என்று போட்டிருக்கிறது. ஐம்பத்து நாலு வயதில் ஓடி வரும் பெண்!

இயக்குநர் உதயா சென்னையில் நாடகம் படித்த பெண், முப்பது வயது இருக்கும். சின்ன வேஷக்காரர்கள் எல்லோரும் அவரவர் ஆளுக்கு ஒரு வாழ்க்கை எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். “காலைல என்ன சாப்பிட்டா, யாருக்குப் பயப்படுவா, எதை மறைக்கிறா, எல்லாம் எழுதுங்க டீச்சர்.”

எனக்குச் சந்தேகம். இருக்கிற ஒரு வசனத்தையும் வெட்டப் போகிறாள். அதற்கு முன்னால் கையில் ஒரு மிட்டாய்.

ஜூலை 5, ஞாயிறு

தாள் திருத்தவில்லை. கதை எழுதினேன்.

முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு பட்டது. ஊரில் அத்தனை பேர் இருக்க, கரை உடைந்தது இவளுக்கு மட்டும் எப்படி முதலில் தெரிந்தது? இருபத்தேழு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவள் நான். “டீச்சர், யாரோ என் பக்கத்துல பிட்டு போட்டுட்டாங்க” என்று முதலில் எழுந்து சொல்கிறவன் பையில்தான் மிச்சப் பிட்டு இருக்கும். ஆக, இவளுக்கு உடைவதற்கு முன்பே தெரியும்.

எழுதியது:

பெயர் அஞ்சலை. வயது 28. பண்ணை வீட்டுச் சமையலாள்.

காலையில் நீராகாரம், உப்பு நார்த்தங்காய்.

பயம்: பண்ணையார்.

மறைப்பது: அன்று மத்தியானம் நாலு பேருக்குப் புளிச்சோறு, வாழையிலைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது. அவர்கள் மண்வெட்டிக்குச் சாக்கு சுற்றிக்கொண்டு, கொட்டுகிற மழையில் பாலத்தைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போனார்கள். நண்டு வளையில் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த இடமாகப் பார்த்து வெட்டினார்கள்.

எதிர்க்கரை உடைந்தால் இந்தக் கரை ஊர் தப்பிக்கும். அதனால்தான் வெள்ளத்தில் இரண்டு கரையும் ஒன்றையொன்று காவல் காக்கும். உதயாவுக்கு இதெல்லாம் தெரியாது, தனியாக விளக்கி எழுதினேன். கரைக்குச் சர்க்கார் காவல் இல்லையா என்று கேட்பாள். உண்டு, லஸ்கர் என்று பெயர். அவன் குடித்துவிட்டுக் கிடந்தான் என்று போட்டேன்.

ஒரே மூச்சில் ஆறு பக்கம். எனக்கு இவ்வளவு கற்பனை உண்டு என்று இன்றைக்குத்தான் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருக்கிறது.

ஜூலை 8, புதன்

கேஸ் புக் பண்ணியாச்சு. தக்காளி வாங்க மறந்தாச்சு.

ஒத்திகையில் எல்லோரும் படித்தார்கள். நூலகத்தில் வேலை பார்க்கும் கலைச்செல்விக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெண் வேஷம். அவள் எழுதியது அப்படியே ஒரு சீரியல். நான் படித்து முடித்ததும் உதயா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். “டீச்சர், இதுதான் நாடகம்! அஞ்சலைக்கு ஒரு பாட்டு போடுறோம்.”

பாட்டு! எனக்கு!

உடனே சுந்தரமூர்த்தி சார் குறுக்கே வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டியவர், நல்ல குரல். நாட்டாமை வேஷம், ஆறு பாட்டு அவருக்கு.

“அந்தப் பாட்டு வேணாம்மா.”

“ஏன் சார்?”

அவர் உதயாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அந்த லஸ்கர் குடிகாரனாத்தான் இருக்கணுமா டீச்சர்?”

“கதைதானே சார்.”

“கதைன்னா வேற மாதிரியும் எழுதலாமுல்ல?”

லஸ்கர் மேல் இவருக்கு என்ன திடீர் கரிசனம்? விஷயம் அதுவல்ல. எனக்கு ஒரு பாட்டு வந்தால் அவருடைய ஆறில் ஒன்று போகும். நேரம் ஒன்றே முக்கால் மணி என்று உதயா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. இத்தனைக்கும் போன வாரம் அவருக்கு என் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி கொடுத்தேன்.

ஜூலை 11, சனி

கதை எழுதிய நோட்டைக் காணோம்.

பையில்தான் வைத்தேன். சந்தேகப் பட்டியல்: (1) கலைச்செல்வி, புதனிலிருந்து முகம் சரியில்லை. (2) உதயா, என் கதையைத் தன் கதையென்று போட்டுக்கொள்ள. (3) சு. சார்.

மூன்றாவதுதான். ஒத்திகை ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். பரீட்சை ஹால் பழக்கம்.

“என்ன சார் இது? கேட்டா குடுக்க மாட்டேனா?”

அவர் திடுக்கிடக்கூட இல்லை. “இதையெல்லாம் யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“யாரும் சொல்லலை. நானா எழுதினது.”

“நண்டு வளை?”

“நானா எழுதினதுதான் சார்.”

“நீங்க எந்த ஊரு டீச்சர்?”

சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு முன்பே நிலத்தையெல்லாம் விற்றுவிட்டுத் தஞ்சாவூர் வந்துவிட்டோம், ஊரில் இப்போது எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது என்றும் சொன்னேன். அவர் நோட்டை மூடினார். “நாங்க உங்களுக்கு எதிர்க்கரை” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் அப்பாதான் அந்தக் கரைக்கு லஸ்கர். ஒரு ஐப்பசி வெள்ளத்தில் பட்டப்பகலில் கரை போனது. “எங்க தெருவே போச்சு டீச்சர். மாடு கன்னு, விதைநெல்லு, எல்லாம். எனக்குப் பதினோரு வயசு. அப்பாவைத் தேடிக்கிட்டு நான்தான் போனேன். கரைமேல கிடந்தாரு. மேலெல்லாம் சாராய வாடை. நானே மோந்து பாத்தேன். வேலை போச்சு. ஊருல இருக்க விடல. பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே குடிகார லஸ்கர் மவன்தான்.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “எனக்கு இதெல்லாம் தெரியாது சார், சத்தியமா” என்றேன். நோட்டைக் கொடுத்தார். நம்பவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நான் பையன்களைப் பார்க்கிற பார்வை. என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறார்! எனக்கு அப்போது அஞ்சு வயது. என்ன தெரியும்?

ஜூலை 12, ஞாயிறு

வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போன் செய்தார், மகன் வீட்டில் இன்னும் ஒரு வாரம் இருக்கிறாராம். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அம்மாவுக்கு எண்பத்தொன்று. காது நன்றாகக் கேட்கும், வேண்டாதது மட்டும் கேட்காது. பதினோரு மணி வாக்கில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கதையைப் படித்துக் காட்டினேன். கிண்டல் செய்வாள், சிரித்துவிட்டு அந்தக் குழாயடிப் பேச்சை மறந்துவிடலாம் என்றுதான்.

‘நாலு பேருக்குப் புளிச்சோறு’ என்ற இடம் வந்தது.

“நாலு இல்லடி. அஞ்சு பொட்டலம்.”

படிப்பதை நிறுத்திவிட்டேன். “என்னம்மா?”

“அஞ்சு. உங்கப்பாவும் போனாருல்ல.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். விடவில்லை. மண்வெட்டிக்குச் சாக்கு? உண்மை. நண்டு வளை? உண்மை, முதல் நாளே பார்த்து வைத்துவிட்டார்களாம். “நீ அடுப்பங்கரைல என் காலைக் கட்டிக்கிட்டு நின்ன. எனக்கும் ஒரு பொட்டலம் குடுன்னு ஒரே அழுகை.”

எனக்கு எதுவும் ஞாபகமில்லை. ஆனால் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஊரில் இருக்கிற பையன்களையெல்லாம் பிட்டு அடித்ததற்குப் பிடித்தேன். என்னுடையது முழுக்கக் காப்பி. எந்தத் தாளைப் பார்த்து எழுதினோம் என்றுகூடத் தெரியாத காப்பி.

“தப்பில்லையாம்மா?”

“தப்புதான். அது உடையலன்னா இது உடைஞ்சிருக்கும். உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?”

“அந்த லஸ்கர்?”

“அவன் குடிச்சிட்டுக் கிடந்தான்.”

அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்த்தாள். என்னைப் பெற்றவள்தான், இருந்தாலும் நம்ப முடியவில்லை.

பிறகு, “இதெல்லாம் வெளியில பேசாத வசந்தி. செத்துப்போன மனுசனைத் தெருவுல இழுத்துப் போடாத.”

கீரையில் உப்புப் போட மறந்துவிட்டாள். நானும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஜூலை 15, புதன்

தாள் எல்லாம் திருத்தியாச்சு. எத்தனை தப்பாகத் திருத்தினேனோ.

உதயாவிடம் பாட்டு வேண்டாம் என்றேன். லஸ்கர் குடித்திருந்தான் என்ற வரியை அடித்துவிட்டேன். “என்ன டீச்சர், யாராவது மிரட்டினாங்களா?” என்று சு. சார் பக்கம் பார்த்தாள். இல்லை, எனக்கே பிடிக்கவில்லை என்றேன். கோபமாகப் போய்விட்டாள்.

சு. சார் மட்டும் கிட்டே வந்தார். “நன்றிங்க டீச்சர். நீங்க செய்யணும்னு இல்ல. செஞ்சீங்க.” கையெடுத்துக் கும்பிட்டார். ஐயோ, அவர் திட்டியிருக்கலாம்.

சொல்லலாமா?

சொன்னால்: அப்பா பேர் போகும். அம்மா என்னோடு பேசமாட்டாள். அவர் கேஸ் கீஸ் என்று போனால்? ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் எந்தக் கேஸ். ஆனாலும்.

சொல்லாவிட்டால்: ஒன்றும் ஆகாது. நாடகம் நடக்கும். அவர் ஆறு பாட்டும் பாடுவார். நான் ஓடி வந்து கரை உடைந்துவிட்டது என்பேன். அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் மேலேயே எனக்குச் சந்தேகம். அவருக்காகச் சொல்லப் போகிறேனா, என் மனப்பாரத்தை இறக்கவா? தெரியவில்லை. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. நல்ல அப்பா. அதுவும் உண்மைதான்.

ஜூலை 18, சனி

சொல்லிவிட்டேன்.

ஒத்திகை இடைவேளை, எதிர் டீக்கடை பெஞ்சு. காற்றில் மண் பறந்து டீயில் விழுந்தது. “சார், கரை தானா உடையல. எங்க ஊர் ஆளுங்கதான் வெட்டினாங்க. எங்கப்பாவும் போயிருக்காரு. போன ஞாயித்துக்கிழமைதான் எனக்கே தெரியும்.”

அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் டம்ளரை பெஞ்சில் வைத்தார். “வெட்டினது சரி. ஆனா அவரு முழிச்சிருந்தா வெட்ட முடியுமா? குடிச்சது குடிச்சதுதானே?” என்றார்.

இவ்வளவு கேட்ட பிறகும் அவர் கோபம் எங்கள் மேல் வரவில்லை, அவர் அப்பா மேல்தான் போகிறது. எனக்கு அம்மா கீரையைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

“எங்கம்மாவை ஒரு தடவை வந்து பாருங்க சார். எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லலைன்னு நெனைக்கிறேன்.”

“நான் சண்டை போட மாட்டேன்” என்றார், நான் கேட்காமலே.

ஜூலை 19, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வாழைப்பழம் ஒரு சீப்பு. யார் வீட்டுக்கு யார் பழம் வாங்கி வருவது! அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. காலையில் மட்டும் தலை வாரி உட்கார்ந்திருந்தாள்.

உட்காருங்க என்றேன். உட்காரவில்லை.

“அம்மா, நான் லஸ்கர் மவன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கப்பா அன்னிக்கிக் குடிச்சிருந்தாராம்மா?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தையே நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“இல்ல தம்பி. ஒத்தை ஆளா நின்னு மறிச்சாராம். மம்பட்டிக் கட்டையால ஒரு அடி அடிச்சிக் கரைமேலயே சாய்ச்சிட்டாங்க. அப்புறம், உங்கப்பா பேச்சை யாரும் நம்பக்கூடாதுன்னு, ஒரு பாட்டில் சாராயத்தைத் தலையோட ஊத்திட்டு வந்தாங்க. ஊத்தினது எங்க வீட்டுக்காரரு. வந்து எங்கிட்டதான் சொன்னாரு. சோறு கட்டிக் குடுத்தவ நான். நானும் வாயைத் திறக்கல.”

சு. சார் அப்போதுதான் உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, தரையில். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இதையேதாம்மா எங்கப்பாவும் சொன்னாரு. தலையில ஊத்திட்டாங்கடான்னு. ஒவ்வொரு தடவையும். ஆஸ்பத்திரில கடைசியா ஒரு தடவை சொல்ல வந்தாரு. போதும்ப்பான்னு சொல்லிட்டு நான் வெளில வந்து நின்னுட்டேன்.”