நனைந்த பேட்டரியை உள்ளே வைத்தது யார்

இன்று காலை என் மகள் அபி தன் தோழியின் கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து நெயில் பாலிஷைத் திறந்தாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனேன். "என்னப்பா, இந்த வாசம் வந்தாலே வெளிய ஓடிருதீங்க?" என்று சிரித்தாள். தலைவலி என்றேன். இரண்டு வருடங்களாக அவளிடம் அதைத்தான் சொல்லிவருகிறேன்.

லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுக் கசியும்போது கிட்டத்தட்ட இதே வாசம்தான் வரும், இனிப்பும் நெடியுமாக. அதை எனக்குச் சொன்னவன் நீ. உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோது உன் சட்டையிலும் அந்த வாசம்தான் இருந்தது.

வாசலில் நின்றவன் செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே ரெஜினா வீட்டுக்கு நடந்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துதான் இதை எழுதுகிறேன். உன் மனைவியிடம் சொன்னதை உன்னிடமும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வகுப்பு. பள்ளி முடிந்ததும் நான் இரு சக்கர வண்டி மெக்கானிக் ஆனேன், நீ கப்பல் ஏறினாய். பதினான்கு வருடம் எஞ்சின் ரூமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது உன் இடது காது முழுசாகப் போயிருந்தது. வலது காதில் பாதிதான் மிச்சம். "இனி தண்ணி மேல வேல வேண்டாம்லே, ரோட்டு மேல பாப்போம்" என்றாய். திருநெல்வேலி ரோட்டில், நம் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு இந்தப் பக்கம், இரண்டு ஷட்டர் வைத்த கடையைச் சேர்ந்து எடுத்தோம்.

காது கேட்காதவன் எஞ்சின் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பான் என்று வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள். நீ பெரிய ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாய். "செயின் தளந்துட்டு" என்பாய். பிரித்தால் அப்படியே இருக்கும். வண்டி ஓட்டும்போது முட்டியை டேங்கில் ஒட்டவைத்து, அங்கே தெரியும் அதிர்வைக் கொண்டே கியர் மாற்றுவாய். உன் சொந்தக்காரர்கள் இருக்கும் மணப்பாட்டுக்கு உன் பின்னால் உட்கார்ந்து வந்த நாட்களில், உப்புக் காற்று முகத்தில் அறைய, நான் கத்திக் கத்திப் பேசுவேன். நீ பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்லிக்கொண்டு வருவாய். இருவரும் இரண்டு பேச்சு பேசியபடியே ஊர் போய்ச் சேருவோம்.

மின்சார வண்டிகள் வரத் தொடங்கியபோதுதான் நமக்குள் முதல் சண்டை வந்தது. அவற்றை நான் பொம்மை வண்டி என்றேன். ஒயர் வேலை பார்ப்பவன் பார்க்கட்டும், நமக்கு வேண்டாம் என்றேன். நீயோ ஒரு வாடிக்கையாளரின் மின்சார ஸ்கூட்டரை இரவல் வாங்கி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலைவரை ஒரு சுற்றுப் போனாய். வண்டியில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "ஏலே, இப்பத்தான் நீயும் நானும் ஒண்ணு. உனக்கும் ஒண்ணும் கேக்கலல்லா?" வழியெல்லாம் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

கோயம்புத்தூருக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாய். வந்த மறுநாளே கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் மணல் கொட்டி, சுற்றிலும் ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே தகரம் போட்டாய். சுவரில் பெயிண்டால் எழுதினாய்: நனைந்த பேட்டரி கடைக்குள் வரக்கூடாது. நான் கேலி செய்தேன். "கப்பல்லருந்து வந்தவனுக்குத் தண்ணின்னா பயமா?" என்றேன். நீ கோபப்படவில்லை. "பெட்ரோலுக்குக் கோவம் வந்தா அப்பமே காட்டிரும். இது மனசுல வச்சிக்கிட்டு இருந்து, நாம மறந்த பெறவு காட்டும்" என்றாய்.

அந்த வருட மழையை நீ மறந்திருக்க மாட்டாய். ஊரே தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எஞ்சினுக்குள் சேறு, கார்புரேட்டருக்குள் சாக்கடை, டேங்கில் பாதி தண்ணீர். பெட்ரோலை வடித்து வடித்துக் கேன்களில் ஊற்றி மூலையில் வைத்தோம். இரண்டு பேரும் குளிக்கக்கூட நேரமில்லாமல் வேலை பார்த்தோம்.

அதில் ஒன்றுதான் அந்த அக்காவின் மின்சார ஸ்கூட்டர். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அக்கா. வண்டி ஒரு நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தது. நீ பேட்டரியைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோய் மணலில் வைத்தாய். "பதினஞ்சு நாள் அங்கனயே கெடக்கட்டும். அதுக்கப்புறம் தொறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாய். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடுவதும், தவறவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு தாமதமாவதும் அவளுடைய கஷ்டம். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஐந்தாம் நாள் நீ உன் சித்தப்பா இறந்த முப்பதாம் நாள் கோயில் பூசைக்கு மணப்பாடு போயிருந்தாய். மத்தியானம் அக்கா வந்து நின்றாள். "அண்ணாச்சி, ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்" என்றாள். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாகக் காட்டியது. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. தகரத்தின் ஓட்டை வழியாக மழை மணலில் இறங்கும், அதனால்தான் உள்ளே எடுத்தேன் என்று இதுநாள்வரை எனக்கு நானே சொல்லிவந்தேன். அது உண்மையில்லை. நீ வரும்போது அந்த வண்டி ஓட வேண்டும், உன் மணலும் உன் எழுத்தும் வீண் பயம் என்று உன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். அதற்காகத்தான் எடுத்தேன். துணியால் துடைத்தேன். உள்ளே மேசைமேல் வைத்துச் சார்ஜரை மாட்டினேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்காவை அனுப்பினேன்.

ஐந்து மணிக்கு நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். நீ வந்து வண்டியை நிறுத்தியதைப் பார்த்தேன். நீ உள்ளே போனாய். மேசையைப் பார்த்ததும் உன் நடை நின்றது. "அண்ணாச்சி, உங்க கடையில பொகை வருதே" என்றார் டீ மாஸ்டர். வெள்ளைப் புகை மேசையிலிருந்து தரைக்கு வழிந்துகொண்டிருந்தது. அது சீறியிருக்கும். உனக்குக் கேட்டிருக்காது. நான் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். மறுபடி கத்தினேன். உன் முதுகு ரோட்டுப் பக்கம் இருந்தது. காது கேட்காதவனைக் கூப்பிட்டுக்கொண்டு கையில் டீ கிளாஸோடு நின்றேன். நடுவில் இருபது எட்டுதான். இரண்டு லாரிகள் போயின. அவை போகட்டும் என்று நின்றேனா, பயந்து நின்றேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீ வெளியே ஓடி வந்திருக்கலாம். ஆனால் மூலையில் பெட்ரோல் கேன்கள். மாடியில் தையற்காரர் குடும்பம். நீ ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பேட்டரியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாய். வாசல்வரை வந்தாய். ஷட்டருக்கு வெளியே கால் வைத்தபோது அது வெடித்துப் பற்றியது. அப்போதும் நீ அதைக் கீழே போடவில்லை. நாலு எட்டு நடந்து ரோட்டோரச் சகதியில் போட்டுவிட்டுத்தான் விழுந்தாய். ஒரு வண்டிகூட எரியவில்லை. மாடியில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாய். இரண்டாம் நாள் போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தார். ரெஜினா உன் தலைமாட்டில் நின்றாள், நான் கால்மாட்டில். நனைந்த பேட்டரியைக் கடைக்குள் வைத்தது யார் என்று அவர் குனிந்து சத்தமாகக் கேட்டார். நீ யோசிக்கவே இல்லை.

"நாந்தான் சார். சார்ஜ் போட்டுட்டுப் பூசைக்குப் போயிட்டேன்."

ரெஜினா உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் தெரிகிறது. அவள் மருந்து வாங்கக் கீழே போனதும் நான் கட்டிலருகே வந்தேன். வாயைத் திறந்தேன். கட்டுப் போட்ட கையை நீ கொஞ்சம் தூக்கினாய்.

"பேசாதலே. அபிக்குப் பரீட்ச வருது. ரெண்டு வீடும் ஏன் போணும்?"

நான் பேசவில்லை. நீ சொன்னதால் பேசவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீ சொல்வதற்கு முன்னால், போலீஸ்காரர் கேட்டபோதே என் வாய் மூடித்தான் இருந்தது.

உண்மை தெரிந்த அந்தச் சத்துணவு அக்காவை யாரும் விசாரிக்கவில்லை. உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். "அடுத்தவனுக்கெல்லாம் சொவத்துல எழுதிப் போட்டாரு, தான் மட்டும் கேக்கல" என்றார் ஒருவர். "காது கேக்காதவருக்கு இந்த வேல எதுக்கு?" என்றார் இன்னொருவர். நான் பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மெக்கானிக் கூட்டங்களிலும் உன் கதை வந்தது, கவனக்குறைவுக்கு உதாரணமாக. அங்கேயும் நான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது கடைக்கு வருகிறவற்றில் பாதி மின்சார வண்டிகள். பயிற்சியில் நீ எழுதிவைத்த நோட்டைப் பார்த்துத்தான் வேலை பார்க்கிறேன். பொம்மை வண்டி என்று சொன்னவனுக்கு இன்று அதில்தான் சோறு. ரெஜினா இறால் கம்பெனிக்குப் போகிறாள். ஐஸில் கிடந்த இறாலை நாள் முழுக்க உரித்து அவள் விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருக்கின்றன. வந்த இரண்டு கல்லறைத் திருநாளுக்கும் அவள் உன்னிடம் வரவில்லை. உன் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தியது உன் தங்கை மட்டும்தான். இது எனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு வருடம் போனது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு விடுமுறை. பூசைக்குப் போய்விட்டு வந்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணாச்சி, காப்பி போடட்டா?" என்றாள்.

"வேண்டாம்மா. ஒண்ணு சொல்லணும். பேட்டரிய உள்ள வச்சது அவன் இல்ல. நான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வந்தது, மீட்டர், மேசை, டீக்கடை, போலீஸ்காரர் போன பிறகு நீ சொன்னது. கையில் பிழிந்த துணியோடு நின்று கேட்டாள். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவிய அந்தக் கட்டுல கெடந்து முனங்கும்போது நீங்க பக்கத்துலதானே நின்னிய?"

"நின்னேன்."

"அடக்கத்தன்னைக்கு அத்தன பேரு பேசுனாவளே. அப்பவும் நின்னியளா?"

"நின்னேம்மா."

அவள் துணியைக் கொடியில் போட்டாள். அது நழுவி மண்ணில் விழுந்தது. எடுக்கவில்லை. அழவும் இல்லை.

"ரெண்டு வருசமா அந்த மனுசன ஏசிக்கிட்டே இருந்தேன். எந்திரிச்சா ஏச்சு, படுத்தா ஏச்சு. எல்லாம் உங்களுக்கு வர வேண்டியது. அத இனி நான் எங்கன போய்த் திருப்பி எடுப்பேன்?"

"என்னய ஏசு" என்றேன். "அவன ஏசினத எல்லாம் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள். சத்தம் போடாமல், கடைக்காரனிடம் சாமான் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். பொய்யன் என்றாள். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டுப் பெண்டாட்டியை இறால் உரிக்க அனுப்பியவன் என்றாள். பிறத்தியான் பேட்டரியை நெஞ்சோடு அணைத்தவன் கட்டியவளை ஒரு நாள் நினைத்தானா என்றாள். செத்த பிறகு நல்ல பேரைக்கூட வீட்டுக்கு மிச்சம் வைக்காதவன் என்றாள். இன்னும் சிலவற்றைச் சொன்னாள். அவற்றை இங்கே எழுதமாட்டேன். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் ஒன்றுகூட எனக்குப் பொருந்தவில்லை, எல்லாம் உன் அளவுக்கு வெட்டித் தைத்தவை. கேட்கக் கேட்க அது எனக்குப் புரிந்தது.

கடைசியாக ஒன்றை மட்டும் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னொண்ணு உண்டும். மாதாட்ட வேண்டிக்கிட்டேன், அவிய மூஞ்சியக் கனவுலகூட எனக்குக் காட்டாத தாயேன்னு. அது மட்டும் பலிச்சிட்டு. ஒருநாகூட வரல."

உள்ளே போய் முக்காட்டுத் துணியையும் இரண்டு மெழுகுதிரிகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கதவைப் பூட்டினாள். கல்லறைத் தோட்டம் இருக்கும் பக்கம் திரும்பியவள் நின்று, "நீங்க கூட வராதிய" என்றாள். பிறகு போய்விட்டாள்.

இந்த வார மெக்கானிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போவேன். என்ன வந்தாலும் வரட்டும், அபியிடமும் இன்றே சொல்லிவிடுவேன். உனக்கு நல்ல பேர் திரும்பி வரலாம். ஆனால் ரெஜினா இரண்டு வருடம் உன்னைக் காணாமல் தூங்கினாளே, அந்த ராத்திரிகளை எந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று நான் திருப்பிக் கொடுப்பேன்? நீ எனக்காக ஒரு வரி பொய் சொன்னாய். அந்தப் பொய்யின் கீழே அவளைத் தனியாக இருத்திவிட்டு வந்தவன் நான். இதைச் சுமந்துகொண்டுதான் நாளைக் காலை ஷட்டரைத் தூக்க வேண்டும்.