டம்ளரில் தட்டிய பதில்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மச்சானுக்கு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியிலேயே போன் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் தோஹாவுக்குக் கிளம்பும் என் தம்பி முதஸ்ஸிரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தொண்டைக் கட்டி கரையும்வரை பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த துணியையே மறுபடி மடிக்கிறேன். பக்கத்து வீட்டு துர்கா வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னால் மதில்வரை ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு திரும்புகிறேன்.

மெடிக்கல் லீவில் இருக்கும் டீச்சர்களை விசாரிக்க எங்கள் ஸ்கூலில் கவுன்சிலிங் கொடுக்க சிவசங்கரி என்று ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். பேச முடியாதவளைப் போனில் விசாரிக்கிறாள்! எரிச்சலில் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினேன். அவள் அசரவில்லை. "சரி டீச்சர், ஆமாம்னா ஒரு தடவ தட்டுங்க, இல்லன்னா ரெண்டு தடவ" என்றாள்.

"சாப்புடுறீங்களா?" ஒன்று. "தூங்குறீங்களா?" இரண்டு. "கழுத்துல மாட்டிக்கிற மைக் வாங்கித் தந்தா வச்சிக்குவீங்களா?" ஒன்று.

கடைசியாக, "திரும்ப கிளாசுக்கு வர பயமா இருக்கா?" என்றாள். ஸ்பூன் கையிலேயே நின்றது. பிறகு ஒரு தடவை தட்டினேன். நான் அழுது முடிக்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.

நீங்களும் தினம் கேட்கிறீர்கள்: "வேலய விட்டுடறியா? நான் அனுப்புறது பத்தாதா?" நான் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இதைப் படித்ததும் போன் போட்டு மறுபடி கேளுங்கள். முதல் சத்தம் கேட்டதும் வைத்துவிடாதீர்கள்.

டம்ளரும் கையுமாக,
உங்கள் வீட்டுக்காரி