கப்பலேறிய நாளில் படையல்

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டேன்! தூக்கமே வரவில்லை. கொலைக் கேசில் அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர் எங்கே திரும்பப்போகிறார் என்று, அவர் கப்பலேறிய நாளிலேயே மயிலாப்பூர் வீட்டில் வருஷா வருஷம் படையல் போடுகிறோம். அவரோ விடுதலையாகி, அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறார். அந்த வழிக் கொள்ளுப்பேத்தி சுனிதா, போர்ட் பிளேரிலிருந்து இன்று வீடியோ காலில் அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

பக்கத்தில் இருந்த அப்பா கத்தினார்: “அப்போ உசுரோட இருந்த மனுஷனுக்கா சோறு வச்சிக்கினு இருந்தோம்?”

பிறகு போனைப் பிடுங்கினார்.

“இன்னாம்மா, நான் உனக்குப் பெரியப்பா முறை. தாத்தா செத்தது என்னிக்கு? இனிமே அன்னிக்கே வச்சிடலாம். நீயும் வந்துடு.”