உங்கை

வல்வெட்டித்துறை
14.01.2024

அன்புள்ள அஸ்கர்,

போனில் கதைத்தால் இரண்டாவது நிமிடமே சண்டையாகிறது, கடிதம் எழுது, அப்போதாவது யோசித்துக் கதைப்பாய் என்று சொன்னாய். இதோ எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்.

இங்கே கூடைப்பந்துக் கழகத்தார் சந்தியில் என் படத்தைப் போட்டுப் பெரிய பனர் கட்டியிருக்கிறார்கள். 'மானிப்பாயின் மலை இனி எங்கள் மலை' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்க வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சமைத்துத் தரும் இராசாத்தி அக்கா மற்றவர்களுக்கு ஒரு துண்டு மீன் போட்டால் எனக்கு மூன்று போடுகிறார். "பதினெட்டு வருசமா எங்களுக்கு ஒரு கப் இல்லைத் தம்பி. உம்மை நம்பித்தான் இருக்கிறம்," என்கிறார். அதைக் கேட்ட பிறகு மீன் தொண்டையில் இறங்குவதில்லை.

எனக்குப் பந்து தர வேண்டியவன் றஜிந்தன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், நல்ல வேகம். நேற்றுப் பயிற்சியில் வளையத்தில் பட்டு வந்த பந்தைப் பிடித்து, வாய் தவறி "உங்கை" என்று கத்தி அவனுக்கு எறிந்தேன். அவன் 'உன் கை' என்று விளங்கிக்கொண்டு தன் கையைக் குனிந்து பார்த்தான். பந்து நேரே நெற்றியில். எல்லாரும் சிரித்தார்கள், பயிற்றுநர் சிரிக்கவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். இங்கை, அங்கை, உங்கை என்ற நம்முடைய மூன்று சொற்களையும் அவனுக்குப் பழக்கட்டுமா? உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
கெல்வின்


யாழ்ப்பாணம்
22.01.2024

அன்புள்ள மலைக்கு,

கடிதம் கிடைத்தது. வாப்பா கடையில் வைத்து முதலில் வாசித்துவிட்டு, "கெல்வின் மெலிஞ்சு போவான்போல கிடக்கு," என்று கவலைப்பட்டார். மூன்று துண்டு மீன் சாப்பிடுகிறவனுக்காக நான் கவலைப்படப்போவதில்லை.

அந்தச் சொற்கள் ஊரில் எல்லார் வாயிலும் கிடப்பவைதான். வாப்பா வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளைக் காட்டி "உங்கை கிடக்கு, எடுங்கோ," என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிறார். அதற்கு என்னிடம் என்ன அனுமதி? ஆனாலும் நீ கேட்டது எனக்குப் பிடித்தது. இங்கையையும் அங்கையையும் அவனுக்குக் கொடு. உங்கையைக் கொடுக்காதே.

ஏன் என்று சொல்கிறேன். நீ போனபின் உன் இடத்தில் மின்ஹாஜைத்தான் சென்ரராக நிறுத்தியிருக்கிறேன். உன் அளவுக்கு உயரமில்லை, ஆனால் மனம் உள்ளவன். அவனுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: இங்கை என்றால் என்னிடம் ஓடி வா. அங்கை என்றால் வளையத்தின் மற்றப் பக்கம் போ. உங்கை என்றால் நின்ற இடத்திலேயே எனக்கு முதுகைக் காட்டி நில், திரும்பிப் பாராதே, இரண்டு கையையும் தூக்கு, பந்து தானாக வரும். அவன் கேட்கிறான்: "பாக்காமல் நிண்டால், வருமெண்டு எப்பிடித் தெரியும், அஸ்கர் நானா?"

ஆறு வருடத்தில் நீ ஒரு தரமும் இதைக் கேட்டதில்லை கெல்வின். அதனால்தான் சொல்கிறேன், அது மட்டும் நம் இருவரோடும் இருக்கட்டும்.

நீ போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். வருத்தம் இருக்கிறது. ஆனால் உன் உயரத்துக்கு நம்முடைய சிமெந்துத் தரை போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

உன் அஸ்கர்


வல்வெட்டித்துறை
10.03.2024

அன்புள்ள அஸ்கர்,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபிக்காதே. எழுத நல்ல செய்தி இருக்கவில்லை.

அரையிறுதியில் தட்டுத்தடுமாறி வென்றோம். அதில் நான் எடுத்தது நாலே புள்ளி. எங்கே நின்றாலும் பந்து வருவதில்லை; வந்தாலும் முழங்காலுக்கு வருகிறது, இல்லாவிட்டால் கடலுக்குப் போகிறது. ஆட்டம் முடிந்ததும் கழகத் தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "உம்மை நடுவிலை மரமா நட்டு வைக்கவோ கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்?" பனரில் என் முகத்துக்கு யாரோ மீசையும் கொம்பும் கீறியிருக்கிறார்கள். இராசாத்தி அக்காகூட இப்போது ஒரு துண்டுதான் போடுகிறார்.

இறுதி ஆட்டம் 23ஆம் திகதி, உங்கள் மானிப்பாய்க் கழகத்தோடு. இதில் தோற்றால் இந்த ஊரில் எனக்கு இடமில்லை. விட்டுவிட்டு வந்தவன் என்று மானிப்பாயிலும் இல்லை. இருபத்தாறு வயதில் எங்கே போய்ப் புதிதாகத் தொடங்குவது? உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

நோன்பு இந்தக் கிழமை தொடங்குகிறதல்லவா? பிடித்துக்கொண்டுதான் விளையாடுவாயா? தண்ணீர் இல்லாவிட்டால் கடைசிப் பத்து நிமிடமும் உனக்குக் கண் இருட்டும். கவனமாக இரு.

கெல்வின்


யாழ்ப்பாணம்
14.03.2024

அன்புள்ள கெல்வின்,

பிடிப்பேன். போன வருடமும் பிடித்துக்கொண்டுதான் உனக்குப் பந்து தந்தேன், மறந்துவிட்டாயா?

பயப்படாதே. நீ நல்லாய் விளையாட வேண்டும், நாங்கள் வெல்ல வேண்டும். இதுதான் என் துஆ. அல்லாஹ்வுக்கே குழப்பமாக இருக்கும்.

உன் அஸ்கர்


யாழ்ப்பாணம்
27.03.2024

அன்புள்ள கெல்வின்,

கப் கிடைத்ததற்கு வாழ்த்து. இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். இனி என் கதைக்கு வருகிறேன்.

61க்கு 61. ஒன்பது விநாடி. பந்து என் கையில். வளையத்தின் இடப்பக்கத்தில், ஆறு வருடம் நீ நின்ற அதே இடத்தில் ஒரு நெடிய முதுகு, தூக்கிய இரண்டு கை. சட்டையின் நிறம் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. "உங்கை," என்று கூப்பிட்டு எறிந்தேன். மின்ஹாஜ் இரண்டு அடி தள்ளி நின்றிருக்கிறான். நீ பிடித்து றஜிந்தனுக்கு நீட்டி எறிந்தாய், அவன் ஓடிப்போய்ப் போட்டான். முடிந்தது.

நான் பழக்கத்தில் எறிந்தேன், நீ பழக்கத்தில் கை தூக்கினாய். எனக்கு இது விளங்குகிறது. ஊருக்கு விளங்கவில்லை. நான் ஆட்டத்தை உனக்கு விற்றுவிட்டேன் என்கிறார்கள். அதற்குமேல் நீ யூரியூப்காரனுக்குச் சிரித்துக்கொண்டு கொடுத்த பேட்டி: "எனக்குத் தெரியும், அந்தப் பந்து எனக்குத்தான் வருமெண்டு." அதை வெட்டி எடுத்து எல்லாருடைய போனிலும் போட்டிருக்கிறார்கள். முதலே பேசி வைத்ததற்குச் சாட்சியாம்.

கழகத்தில் ஒருவர் என் முன்னாலேயே எங்கள் ஆட்கள் எல்லாரையும் சேர்த்துச் சொன்னார்: "உவங்களை நம்பினால் உப்பிடித்தான்." நான் தனி ஆள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கதை கடைக்கும் வந்துவிட்டது. வாப்பா தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு துரோகி என்ற பெயரில் இந்த ஊரைவிட்டு அனுப்பப்பட்டார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நோன்பு திறக்க உட்கார்ந்தவர் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதைக் கேக்கவோடா நாங்கள் திரும்பி வந்தனாங்கள்?"

ஏப்ரல் 7, ஞாயிறு நாலு மணிக்குக் கழகத்தில் விசாரணை. நீ வந்து ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும்: நானும் பார்க்கவில்லை, பழக்கத்தில்தான் கை தூக்கினேன் என்று. உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. வா.

அஸ்கர்


வல்வெட்டித்துறை
03.04.2024

அன்புள்ள அஸ்கர்,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். யாரும் மறிக்கவில்லை. நீ கேட்ட வசனத்தை என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, விசாரணை நடத்தப்போகும் அருளம்பலம் ஐயாவுக்குத் தனியாக ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதை வாசித்தபின் உன்னை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஹமீத் வாப்பாவையும் சொல்லமாட்டார்கள்.

அதில் எழுதியதை இங்கே கழகத்தாருக்கும் சொன்னேன். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்கள். பெரிய வெள்ளிக்கு அம்மா மானிப்பாயில் என்னை எதிர்பார்த்திருந்தார். நான் ஆலயத்துக்குப் போகவில்லை.

அந்தக் கடிதத்தை வாசிக்கும்போது நீ அங்கே இருக்காதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

கெல்வின்


யாழ்ப்பாணம்
09.04.2024

கெல்வினுக்கு,

என்மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அணித்தலைவர் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. 'உவங்களை' என்று சொன்னவர் நேற்றுக் கடைக்கு வந்து வாப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வாப்பா அவருக்குக் கதிரை போட்டு இருத்தினார்.

போகாதே என்று நீ எழுதியிருந்தாய். நான் போய் முன் வரிசையில் இருந்தேன். ஐயா உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "அஸ்கருக்கு ஒன்றும் தெரியாது. அவன் நோன்போடு இருந்தான், கடைசியில் களைத்துவிடுவான், களைத்தால் பழைய பழக்கத்துக்குப் போவான் என்று எனக்குத் தெரியும். இதை நான் அன்று மதியமே யோசித்து வைத்தேன். மின்ஹாஜைத் தள்ளிவிட்டு, வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் முதுகைக் காட்டி நின்றேன்." கெல்வின் என்று கையெழுத்து.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பி நின்று உனக்காக வாதாடினேன். "ஐயா, உது பொய். என்னைக் காப்பாத்த எழுதியிருக்கிறான். கெல்வின் அப்பிடிச் செய்யமாட்டான்," என்றேன். ஒரு தரம் இல்லை, மூன்று தரம் சொன்னேன். கடைசியில் குரலும் உயர்ந்துவிட்டது. ஐயா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, "நீரே பாரும்," என்றார்.

நான் கூப்பிட முன்னமே உன் கைகள் மேலே நிற்கின்றன. அதற்கும் முன்னால் ஒரு தரம் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாய், களைத்துவிட்டேனா என்று. பிறகுதான் முதுகைக் காட்டுகிறாய். என் வாய் அதற்குப் பிறகுதான் திறக்கிறது.

விளையாட்டில் ஏமாற்றுவது குற்றமில்லை. யாருடனும் நான் அதைச் செய்வேன், உன்னுடன் செய்திருக்கமாட்டேன். உண்மையை எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. அதற்கு நன்றி. வாப்பாவும் நன்றி சொல்லச் சொன்னார். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை.

ஓகஸ்டில் மாகாணப் போட்டி. இரண்டு அணியும் வரும். ஆட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் கை கொடுப்பதுபோல் உனக்கும் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போ. கதைக்க வராதே.

இப்படிக்கு,
ஹ. அஸ்கர்
அணித்தலைவர்