சிவத்தியின் காதுத் தோடு

உல்மேஸ் மலை,
ஆலிவ் பறிப்பு முடிந்த வாரம்.

அன்புள்ள ஹம்மாதிக்கு,

உங்கள் மேல் அமைதி உண்டாகட்டும். கடலுக்கு அந்தப் பக்கம், அல்மேரியாவில் தக்காளிக் கூடாரத்து வெக்கை குறைந்ததா? இங்கே மாமாவுக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. நம் மகள் தூதா ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள். இனி எழுதப்போவதற்குக் கோபப்படுவீர்கள். பட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதும் படியுங்கள்.

போன மாதம் மாடு கணக்கெடுக்க சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். மாட்டுத் தொகையைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நீங்கள் போனில் சொன்னபடியே, சிவத்தியையும் இரண்டு காளைக்கன்றுகளையும் ஓக் காட்டுக்குள் கட்டிவிட்டு வந்தேன். போன கணக்கெடுப்பிலும் இதைத்தான் செய்தோம். பலன் என்ன? காதில் சர்க்கார் எண் போட்ட தோடு இல்லாத மாட்டுக்கு நம் உல்மேஸ் காளையின் சினை ஊசி கிடையாது என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு பாஸுவின் சீமை மாடுகள் வறட்சியில் படுத்தே போயின. சிவத்தி முள்ளைத் தின்றுகொண்டு மலையேறினாள். அவளுக்கு இப்போது பதினோரு வயது. இதுவரை ஈன்றதெல்லாம் காளைக்கன்று. ஒரு நல்ல கிடேரி பிறக்காவிட்டால் அந்த வம்சம் அவளோடு சரி.

வந்தவர்களில் இல்ஹாம் என்ற மாட்டு டாக்டரம்மா எத்தனை மாடு என்று கேட்டாள். "அல்லா குடுத்தது இருக்கு" என்றார் மாமா. "அல்லா குடுத்ததுக்குத் தோடு மாட்டணுமே ஹாஜி, எத்தனை எடுக்கட்டும்?" என்றாள் அவள். வேறு வழியில்லாமல் நான்கு விரலைக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் காட்டிலிருந்து சிவத்தி கத்தினாள். பருவத்துக்கு வந்த மாட்டின் கத்தல் யாருக்குத் தெரியாது? அது பாஸு வீட்டு மாடு என்று மாமா சாதித்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அது எங்க மாடுதான். தொகையை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கூட்டியாறேன், நீங்க தோடு மாட்டுங்க" என்றேன். அவளும் அப்படியே ஒப்புக்கொண்டாள்.

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆனால் சிவத்தியின் முறை வந்ததும் அவரே எழுந்து வந்து கொம்பைப் பிடித்தார். தோடு மாட்டியது டாக்டரம்மா; காதைக் கிழித்துவிடாதே என்ற திட்டு மட்டும் எனக்கு விழுந்தது.

அன்று மாலையே சினை ஊசி போட்டாயிற்று. இன்றோடு இருபத்தைந்து நாள். சிவத்தி மறுபடி கத்தவில்லை. சினை நிற்கும் என்றே நினைக்கிறேன். கோடை கழிந்ததும் ஈனுவாள். நீங்கள் வேண்டாம் என்றாலும் அடுத்த முறையும் இதையேதான் செய்வேன்.

இன்னொன்று. வீட்டில் எத்தனை பேர் என்றும் அந்தக் கணக்கெடுப்புத் தாளில் கேட்டிருந்தது. மாட்டைக் குறைத்துச் சொன்ன அதே மாமா, யோசிக்காமல் நான்கு பேர் என்றார். அவர், நான், தூதா. நான்காமவர் வாசல் மிதித்து மூன்று வருடமாகிறது. டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். காட்டிலிருந்த மாடுகளை இழுத்து வந்து காட்டிய நான், இதைத் திருத்தவில்லை.

அந்தத் தாளில் இப்போது அந்த ஒரு பொய்தான் இருக்கிறது. சிவத்தி ஈனுவதற்குள் வந்து, அதை மெய்யாக்கிவிடுங்கள்.

உங்கள்
இத்தோ